சம்பளமில்லாப் பேராசிரியர் சிம்மல்

பெர்லின் பல்கலைக்கழகத்தில் சமூகவியலாளர் கியோர்க் சிம்மல் பேசுகிறார் என்றால் கூடம் நிரம்பிவிடும். மாணவர்களோடு பெண்களும் வெளிநாட்டவரும் வந்து அமர்வார்கள். ஆனால் அந்தப் பல்கலைக்கழகம் அவருக்குச் சம்பளம் தரவில்லை. 1885 முதல் மாணவர் கட்டும் கட்டணம்தான் அங்கே அவருக்கு வருமானம். 1901இல் கிடைத்த பேராசிரியர் பட்டமும் வெறும் கௌரவம்தான்.

1858இல் பெர்லினின் நெரிசலான நடுப்பகுதியில் பிறந்தவர் அவர். சேர்ந்து சாப்பிடுவது, ரகசியம் காப்பது, நகை அணிவது போன்ற அன்றாடச் செயல்களில்தான் சமூகம் உருவாகிறது என்று நம்பினார். இருவர் மட்டுமே உள்ள உறவில் ஒருவர் விலகினால் உறவே முடிந்துபோகும். மூன்றாவது ஆள் வந்ததும் எல்லாம் மாறுகிறது. அவர் சமரசம் செய்யலாம், இருவரின் சண்டையில் ஆதாயம் தேடலாம், மூட்டிவிட்டு இருவரையும் ஆளலாம். கட்சிக் கூட்டணிகளுக்கும் பொருந்தும் இந்தக் கணக்கை அவர் குடும்பத்திலும் கண்டார்.

1903இல் வெளியான பெருநகரம் பற்றிய கட்டுரையில் இன்னும் துணிச்சல் தெரிகிறது. நகரவாசியின் பாராமுகத்தைக் கல்நெஞ்சம் என்று அவர் திட்டவில்லை. ஓயாத சத்தத்திலும் முகங்களிலும் நரம்புகள் நொந்துபோகாமல் மனம் போட்டுக்கொள்ளும் கவசம் அது என்றார். ஊர்க் கண்களிலிருந்து கிடைக்கும் விடுதலையையும் தனிமையையும் சேர்த்தே பார்த்தார். பணத்தையும் அவர் இப்படித்தான் எடைபோட்டார்: உழைப்பாகவும் தானியமாகவும் செலுத்திய வரி காசாக மாறியதும் குடியானவர் கொஞ்சம் சுதந்திரமடைந்தார்; ஆனால் எல்லாவற்றுக்கும் விலை வந்ததும் பொருள்களின் தனித்தன்மை மங்கியது.

1908இல் ஹைடல்பர்க் பல்கலைக்கழகப் பதவிக்குச் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் அவருக்காக வாதாடினார். பெர்லின் வரலாற்றாசிரியர் டீட்ரிக் ஷேஃபரோ, சிம்மலின் யூதப் பின்னணியையும் வகுப்புக்கு வரும் பெண்களையும் குறையாகக் காட்டி அரசுக்கு எழுதினார். பெற்றோர் கிறிஸ்தவத்துக்கு மாறியவர்கள், சிம்மலும் திருமுழுக்குப் பெற்றவர். அது ஒன்றும் எடுபடவில்லை; பதவி கைநழுவியது. ஜெர்மன் கல்வியுலகம் வெட்கப்பட வேண்டிய அநியாயம் இது.

அதே ஆண்டு வந்த அவரது பெருநூலில் அந்நியனைப் பற்றிச் சில பக்கங்கள் உள்ளன. வந்து தங்கிவிட்ட, ஆனாலும் முழுதாக உள்ளே சேராத மனிதன் அவன். நெருங்கியும் விலகியும் நிற்பதால் மற்றவர் காணாததைக் காண்கிறான். ஊரார் மனத்தில் உள்ளதை அவனிடம் சொல்கிறார்கள்.

முழுப் பேராசிரியர் பதவி 1914இல், ஸ்ட்ராஸ்பர்கில் கிடைத்தது. போர் மூண்டு, வகுப்பறைகள் மருத்துவமனைகளாயின. 1918 செப்டம்பரில் கல்லீரல் புற்றுநோயால் இறந்தார். பெர்லினில் அவர் வகுப்பில் இருந்த அமெரிக்கர் ராபர்ட் பார்க் அதற்குள் சிகாகோவில் ஆசிரியராகி, தெருக்களையே ஆய்வுக்களமாக்க மாணவர்களைப் பழக்கிக்கொண்டிருந்தார். இரு பண்பாடுகளின் விளிம்பில் வாழும் மனிதனைப் பற்றி 1928இல் பார்க் எழுதியபோது, சிம்மலின் அந்நியனை எடுத்துக்காட்டினார்.