எண்ணூர் புகைபோக்கிக்கு இரண்டு நிழல்

திருவொற்றியூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “வீட்டுக் கம்ப்யூட்டரில் ஃபிளைட் சிமுலேட்டர் வைத்திருக்கிறேன். காசு கொடுத்துச் சென்னை விமான நிலைய ஆட்-ஆனும் வாங்கினேன். மீனம்பாக்கம் அச்சு அசலாக இருக்கிறது. ஆனால் வடக்கே திரும்பினால் எங்கள் ஊர் அடையாளமே தெரியவில்லை. எண்ணூர்ப் புகைபோக்கிகள் தரையில் படுத்துக் கிடக்கின்றன. நான் ஏமாந்துவிட்டேனா?”

இல்லை. விமான நிலையத்துக்குக் காசு கொடுத்தீர்கள், விமான நிலையம் வந்தது. ஊர் அந்த விலையில் சேர்த்தி இல்லை.

சிமுலேட்டர் பிரியர்கள் தரையை உற்றுப் பார்ப்பது ஏறும்போதும் இறங்கும்போதும்தான். அதனால் பதினைந்து, இருபது டாலருக்கு விற்கும் நிறுவனம் ரன்வே, டெர்மினல், ஏரோபிரிட்ஜ், புல்தரையில் நிற்கும் வழிகாட்டிப் பலகை என்று இழைத்து இழைத்துச் செய்யும். சுற்றுச்சுவரோடு அதன் அக்கறை முடிந்துவிடும். அங்கிருந்து எண்ணூர் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அந்த இடைவெளியை நிரப்புவது சிமுலேட்டரோடு கூடவே வரும் தானியங்கி முறை.

அதில் மூன்று அடுக்குகள். அடியில் மேடுபள்ளம். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பூமியைச் சுற்றி ரேடாரால் அளந்த உயரங்கள்தான் பல சிமுலேட்டர்களுக்கு இன்னமும் ஆதாரம். 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. காட்டுப்பள்ளித் துறைமுகம் அப்போது கிடையாது. கடலரிப்பைத் தடுக்க ராயபுரத்துக்கு வடக்கே கல் கொட்டிப் போட்ட தூண்டில் வளைவுகளோ, 30 மீட்டர் கட்டத்துக்குள் கரைந்துபோகும் அளவுக்கு ஒல்லி. இந்த மேடுபள்ளத்துக்கு மேல் செயற்கைக்கோள் படம். அதற்கும் மேல், படத்தைப் பார்த்து ஊகித்து நட்டுவைக்கும் கட்டடங்கள்.

சாப்பாட்டு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் விரிப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஆப்பிள், திராட்சை, பாதி வெட்டிய ஆரஞ்சு எல்லாம் அச்சடித்திருக்கும். வாசலிலிருந்து பார்த்தால் பழம், கிட்டே உட்கார்ந்தால் படம். தானியங்கி இந்த விரிப்பைப் பார்த்து, உருண்டையாகச் சிவப்பாக எங்கே தெரிகிறதோ அங்கெல்லாம் ஒரு பிளாஸ்டிக் ஆப்பிளை வைக்கிறது. அச்சு ஆப்பிள்மேல் வைத்தால் சரி. தக்காளிமேலும் ஆப்பிள்தான். சிந்திய சாம்பார்க் கறைமேலும் ஆப்பிள்தான். யாரோ கழற்றிவைத்த வளையலுக்கும் அதே கதி. ஊறுகாய் பாட்டில் இருந்தால்? நேர் மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு அது வெறும் வட்ட மூடி. ஆகவே ஒரு குட்டை ஆப்பிள். துறைமுகத்தில் அடுக்கிய கண்டெய்னர் வரிசை மேலிருந்து பார்த்தால் செவ்வகக் கூரை. அது குடியிருப்பாக முளைத்தால் தானியங்கியைக் குறை சொல்ல முடியாது. காசிமேட்டில் நெருக்கியடித்து நிற்கும் விசைப்படகுகள் கூரை மாதிரியும் இல்லாததால், தண்ணீரில் வரைந்த ஓவியமாகவே நின்றுவிடுகின்றன.

2020 ஆகஸ்டில் வந்த மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் இந்த ஊக வேலையை உலகம் முழுக்கச் செய்தது. பிங் மேப்ஸ் படங்களைக் கொண்டு ஆஸ்திரியாவின் பிளாக்ஷார்க் நிறுவனம் சுமார் 150 கோடிக் கட்டடங்களை எழுப்பியது. ‘உலகமே உங்கள் மேசையில்’ என்று ஊரே கொண்டாடியது. ஆனால் அதில் பக்கிங்ஹாம் அரண்மனை அலுவலகக் கட்டடமாக நின்றது. மெல்போர்ன் புறநகரில் 212 மாடிக் கோபுரம் ஒன்று வானத்தைக் குத்தியது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தில் ஒருவர் இரண்டு மாடி என்பதற்கு 212 என்று தட்டிவிட்டிருந்தார். இரண்டு மாடி வீடுகளுக்கு நடுவே 212 என்பது சந்தேகத்துக்குரியது என்று தானியங்கிக்குத் தோன்றவில்லை. அதே தெருவில் வசிப்பவர் ஒரே பார்வையில் சிரித்திருப்பார்.

சரி, புகைபோக்கிக்கு வருவோம். எண்ணூரை ஒட்டிய வல்லூர் அனல்மின் நிலையத்தில் 500 மெகாவாட் அலகுகள் மூன்று. அது கட்டப்பட்ட காலத்து விதிப்படி 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள அலகுக்குப் புகைபோக்கி 275 மீட்டர் இருக்க வேண்டும். 30 கிலோமீட்டர் தள்ளி நின்று பார்த்தாலும் அந்த உயரம் கண்ணுக்கு அரை டிகிரி, ஏறக்குறைய முழுநிலவின் அகலம். வானம் தெளிந்த நாளில் மீனம்பாக்கத்தில் கிளம்பும் விமானியின் கண்ணுக்குத் தப்பாது. இவ்வளவு பெரியதை எப்படித் தவறவிடுகிறார்கள்?

செயற்கைக்கோள் நேர் மேலே நின்று படம் எடுப்பது அபூர்வம். சற்றே பக்கவாட்டிலிருந்து எடுக்கும்போது புகைபோக்கியின் அடி ஓரிடத்திலும் நுனி வேறிடத்திலும் பதியும். அந்தப் படத்தை அப்படியே தரையில் ஒட்டினால் நிமிர்ந்தது படுத்துவிடும். வாசகர் பார்த்தது இதைத்தான். கூடவே ஒரு கருநிழலும் கிடக்கும். படுத்த உருவமும் நிழலும் எந்தப் புள்ளியில் கவட்டைபோலப் பிரிகின்றனவோ, அதுதான் புகைபோக்கியின் அடி. இடம் கிடைத்துவிட்டது. உயரத்தை நிழல் சொல்லும்.

ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் காலையில் சூரியக் கடிகாரம் சுமார் பத்தரை காட்டும்போது நம் தலைக்குமேல் போகிறது. படங்கள் இலவசம். ஒரு பிக்சல் 10 மீட்டர். டிசம்பர் கடைசியில் அந்த நேரத்தில் எண்ணூரில் சூரியனின் உயரக் கோணம் சுமார் 47 டிகிரி. 275 மீட்டர்ப் புகைபோக்கி 254 மீட்டர் நிழல் போடும், அதாவது 25 பிக்சல். எண்ணுகையில் ஒரு பிக்சல் தவறினால் உயரத்தில் 11 மீட்டர் பிசகும். ஏப்ரல் கடைசியில், நண்பகலில் நிழலே விழாத ‘நிழலில்லா நாள்’ சென்னைக்கு வரும் வாரத்தில், அதே பத்தரை மணிக்குச் சூரியன் 68 டிகிரியில் இருக்கும். நிழல் 110 மீட்டராகச் சுருங்கும். இப்போது ஒரு பிக்சல் தவறினால் 25 மீட்டர் போச்சு. மார்கழிப் படம் சித்திரைப் படத்தைவிட இரண்டு மடங்குக்குமேல் நம்பகம், போகிப் புகை மூட்டம் இல்லாதவரை. எண்ணூரில் நிழல் திறந்த வெளியில் நீட்டிப் படுக்கிறது, அளக்கலாம். ராயபுரத்துச் சந்துகளில் ஒரு வீட்டின் நிழல் அடுத்த வீட்டுச் சுவரில் ஏறி மடங்கிவிடும். அங்கே இந்த வித்தை பலிக்காது.

இன்னொரு வேடிக்கை உண்டு. நிழலை அளந்து, முப்பரிமாணப் புகைபோக்கியைச் சரியான இடத்தில் நட்டுவிட்டீர்கள். சிமுலேட்டரில் மாலை ஐந்து மணி வைத்துப் பறக்கிறீர்கள். மேற்கே இருக்கும் கணினிச் சூரியன் புகைபோக்கியின் நிழலைக் கடல் பக்கம் நீட்டுகிறது. ஆனால் தரையில் ஒட்டிய படத்தில் காலை பத்தரை மணி நிழல் மீஞ்சூர்ப் பக்கமாக ஏற்கனவே கிடக்கிறது. ஒரே புகைபோக்கிக்கு இரண்டு நிழல்! பழைய நிழலைத் துடைக்கும் மென்பொருள்கள் உண்டு. துடைத்த இடம் பெரும்பாலும் திட்டாகத் தெரியும்.

இந்த வேலையை ஆர்வலர்களே செய்யவும் வழி உண்டு.   1997-இல் ஃபிளைட்கியர் என்ற கட்டற்ற சிமுலேட்டர் வெளியானது. அதற்கு யாரும் நிலக்காட்சி செய்யலாம். எக்ஸ்-பிளேன் சிமுலேட்டரிலும் ஆர்வலர்கள் வரைந்து அனுப்பும் விமான நிலையங்கள் அடுத்த பதிப்பில் எல்லோருக்கும் இலவசமாகப் போகின்றன.

உள்ளூர்த் தயாரிப்புக்குச் சட்டமும் ஒரு வழி விட்டிருக்கிறது. 2021 பிப்ரவரி 15 அன்று மத்திய அரசு வெளியிட்ட புவித்தகவல் வழிகாட்டுதல்படி, கிடைமட்டத்தில் 1 மீட்டரையும் உயரத்தில் 3 மீட்டரையும்விட நுட்பமான வரைபடத் தரவை இந்தியத் தரப்புகள் மட்டுமே உருவாக்கலாம். வெளிநாட்டு நிறுவனம் நினைத்தாலும் வடசென்னையை அங்குலம் அங்குலமாக அளந்துபோக முடியாது.

அதற்காக ‘நம்ம ஊர்ப் பையன் செய்தது’ என்றாலே நல்லது என்று கிளம்ப வேண்டாம். ஒரு கிரேனின் உருவத்துக்கே லட்சக்கணக்கான முக்கோணத் துண்டுகளைக் கொட்டி, திரையைத் திக்கித் திணறவைக்கும் இலவச ஆட்-ஆன்கள் நிறைய. நிறுவனப் படங்களை அனுமதியின்றி உருவி ஒட்டியவையும் உண்டு. செய்தவருக்கு வேலை கிடைத்ததும் அனாதையாகிவிடுபவை இன்னும் அதிகம். காசு வாங்கிய நிறுவனத்திடமாவது சண்டை போடலாம்.

எனவே வாசகருக்கு: டெர்மினலுக்காகக் காசு கொடுப்பது தப்பில்லை. ஊருக்காக ஆட்-ஆன் வாங்குவதானால், விற்பவரிடம் வடக்கே பார்த்த ஒரு படம் கேளுங்கள். டெர்மினல் படத்தையே மறுபடி அனுப்பினால் விட்டுவிடுங்கள். தனி ஆட்-ஆன் செய்வதைவிடப் பயனுள்ள வேலை, அளந்த உயரத்தை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றுவது. அங்கிருந்து எந்தச் சிமுலேட்டரும் அதை எடுத்துக்கொள்ளலாம், நீங்கள் ஓய்ந்தாலும் எண் இருக்கும். ஒரே எச்சரிக்கை: செயற்கைக்கோள் படத்தோடு வரும் நேரம் கிரீன்விச் நேரம். ஐந்தரை மணி கூட்ட மறந்து கணக்குப் போட்டால், அந்நேரம் எண்ணூரில் சூரியனே உதித்திருக்காது.