தட்டெழுத்தில் ஒரு கொள்ளிவாய்ப் பிசாசு

'ஏ-எஸ்-டி-எஃப்-ஜி-எஃப், செமிகோலன்-எல்-கே-ஜே-எச்-ஜே...'

இதைப் படித்ததும் உங்களில் சிலருக்கு மாலை வேளையும் மாடிப்படியும், டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் 'டக டக' சத்தமும் ஞாபகத்துக்கு வந்திருக்கும். 'லோயர்' பாஸ் செய்துவிட்டு, 'ஹையர்' எழுதுவதற்குள் கல்யாணமாகி வந்துவிட்டவர்களும் இருப்பீர்கள். அன்று கற்ற விரல் வித்தை வீண் போகவில்லை, அம்மணி! வீட்டில் பையன் பாடம் எழுதுகிற அதே கம்ப்யூட்டரில், அதே ஆங்கில கீபோர்டில், இன்று சாயங்காலமே நீங்கள் கொரிய பாஷையில் நாலு வார்த்தை அடித்துவிடலாம்.

"கொரிய பாஷையா? நமக்கு எதற்கு?" என்று கேட்காதீர்கள். தமிழில் குரல் கொடுத்து வரும் கொரியத் தொடர்களைப் பார்த்து, கதாநாயகி கண் கலங்குமுன் தாம் மூக்கைச் சிந்துகிறவர்கள் நம் வீடுகளில் குறைவா என்ன? அந்தக் கதாநாயகி அம்மாவை 'ஓம்மா' என்றும் அப்பாவை 'ஆப்பா' என்றும் கூப்பிடுவதைக் காதால் கேட்டிருக்கிறீர்கள். அதைக் கையால் எழுதிப் பார்க்க ஆசை இராதா?

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். கொரியா தேசத்தில் விற்கிற கீபோர்டு வேறு ஜாதி, நம்முடையது வேறு ஜாதி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டும் ஒன்றேதான். அங்கே ஒவ்வொரு கீயிலும் ஆங்கில எழுத்துக்குப் பக்கத்திலேயே கொரிய எழுத்தையும் அச்சிட்டிருப்பார்கள்; நம்முடையதில் அது இல்லை. பாத்திரம் அதேதான், பெயர் வெட்டவில்லை, அவ்வளவுதான்!

கம்ப்யூட்டரின் 'செட்டிங்க்ஸ்' பகுதியில் பாஷைகளின் பட்டியலுக்குப் போய்க் கொரிய பாஷையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் கம்ப்யூட்டரானால், விண்டோஸ் கீயையும் நீளமான ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்தினால் பாஷை மாறும். மாறியும் ஆங்கிலமே விழுகிறதே என்று பலர் இந்த இடத்தில் மனம் தளர்ந்து எழுந்துவிடுகிறார்கள். ஸ்பேஸ் பாருக்கு வலப்பக்கத்தில் இருக்கும் 'ஆல்ட்' கீயை ஒரு தட்டுத் தட்டுங்கள். பெரும்பாலான ஆங்கில கீபோர்டுகளில் அதுதான் கொரியத்துக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவே உள்ள கதவு. கொரியாவில் அந்த இடத்தில் இதற்கென்றே தனியாக ஒரு கீ வைத்திருக்கிறார்கள்.

சரி, கதவு திறந்தாயிற்று. இப்பொழுது பழைய பாடத்தையே அடியுங்கள்: ஏ, எஸ், டி, எஃப், ஜி. திரையில் வருவது முறையே ம, ந, ஒரு சின்ன வட்டம், ர, ஹ. எல்லாம் மெய்யெழுத்துக்கள்! வலது கையால் எச், ஜே, கே, எல் அடித்தால் ஓ, ஓவுக்கும் அவுக்கும் நடுவான ஓர் ஓசை, ஆ, ஈ. எல்லாம் உயிர்!

ரகசியம் இதுதான். கீபோர்டை நடுவில் பிளந்து, இடது கைக்கு மெய், வலது கைக்கு உயிர் என்று பாகம் பிரித்திருக்கிறார்கள். பதினான்கு மெய், பன்னிரண்டு உயிர், கூட்டினால் இருபத்தாறு. ஆங்கில எழுத்தும் இருபத்தாறுதானே! ஒரு கீகூட மிச்சமில்லை, ஒரு கீகூடப் போதாமல் இல்லை. அழுத்தி உச்சரிக்கும் இரட்டை மெய் ஐந்தும், இன்னும் இரண்டு உயிரும் ஷிப்டில் ஒளிந்திருக்கின்றன. மற்ற கூட்டுயிர்களை இரண்டு கீகளைச் சேர்த்து அடித்துப் பெற வேண்டும். (நம் அரசாங்கம் 1999-ல் ஏற்றுக்கொண்ட 'தமிழ் 99' கீபோர்டிலும் இதே மாதிரி பாகப்பிரிவினை உண்டு. ஆனால் அங்கே உயிர் இடது கைக்கு, மெய் வலது கைக்கு.)

ஆகவே, ஆங்கில எழுத்தின் ஒலியைத் தேடாதீர்கள். 'கே' என்ற கீயில் ககரம் இல்லை, ஆகாரம் இருக்கிறது. ஒலியை மறந்து இடத்தை மட்டும் நினைவில் வையுங்கள். கோலத்துக்குப் புள்ளி வைப்பதைப் போல என்று எண்ணிக்கொண்டால் சுலபம்.

இப்பொழுது அம்மா. டி, ஜே, ஏ, ஏ, கே. ஐந்தே தட்டு! அப்பாவுக்கு டி, கே, பிறகு ஷிப்டை அழுத்திக்கொண்டு க்யூ, கடைசியில் கே.

இரண்டுமே 'டி'யில் ஆரம்பிப்பானேன் என்று கேட்பீர்கள். அந்தச் சின்ன வட்டம் இருக்கிறதே, அது ஒரு வேடிக்கையான எழுத்து. கொரிய எழுத்து முறையில் உயிர் தனியாக வாசலில் வந்து நிற்கக் கூடாது. துணைக்கு ஒரு மெய் வேண்டும். துணைக்கு யாரும் இல்லாதபோது இந்த வட்டம் வாயைத் திறக்காமல் கூடவே வந்து நிற்கும். அதே வட்டம் எழுத்தின் காலடியில் உட்கார்ந்தால் 'ங்' என்று ஒலிக்கும்!

காலடி என்றேனே, அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 'கண்' என்பதை நாம் இரண்டு எழுத்தாகப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுகிறோம். கொரியர்கள் அப்படி எழுதுவதில்லை. மூன்று ஒலிகளையும் ஒரே சதுரத்துக்குள் அடுக்கிவிடுவார்கள், டிபன் காரியரைப் போல. தலைத் தட்டில் ஒரு மெய், அதோடு ஓர் உயிர், தேவையானால் அடித்தட்டில் இன்னொரு மெய். தலைக்கு 19 விதம், உயிருக்கு 21 விதம், அடித்தட்டுக்கு 27 விதம். அடித்தட்டு காலியாக இருப்பதையும் சேர்த்தால் 28. பெருக்கிப் பாருங்கள்: 11,172 சதுரங்கள்! இத்தனையையும் இருபத்தாறு கீயில் அடக்குவது எப்படி? அடுக்குகிற வேலையை உங்களுக்கு வைக்காமல் கம்ப்யூட்டரே செய்துவிடுகிறது. நீங்கள் ஒலியை வரிசையாகக் கொடுத்தால் போதும்.

இந்த எழுத்தை ஆக்கித் தந்தவர் ஸேஜோங் என்ற மன்னர். 1443-ல் முடித்து 1446-ல் ஊருக்கு அறிவித்தார். மகரத்துக்கு வாயின் வடிவம், நகரத்துக்கு மேலண்ணத்தைத் தொடும் நாக்கின் வடிவம் என்று பார்த்துப் பார்த்துச் செய்தார். சீன எழுத்தில் கரை கண்ட பண்டிதர்களோ 1444-லேயே எதிர்ப்பு மனு போட்டார்கள். 'பெண்பிள்ளை எழுத்து' என்று பிற்காலத்தில் அதற்கு ஏளனப் பெயர்கூட உண்டாயிற்று. நல்லதாகப் போயிற்று! பண்டிதர்கள் தொடாத எழுத்தில் தாய்மார்கள் பெண்களுக்குக் கடிதம் எழுதினார்கள். அரண்மனைப் பெண்கள் கதை எழுதினார்கள். அந்தப் பெண்பிள்ளை எழுத்துத்தான் இன்று அந்தத் தேசத்தின் எழுத்து.

இனி, தலைப்பில் சொன்ன பிசாசுக்கு வருகிறேன்.

'நாமு' என்றால் கொரிய பாஷையில் மரம். எஸ், கே, ஏ, என். அவசரப்படாமல் ஒவ்வொன்றாக அடித்து, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் பாருங்கள். எஸ், கே அடித்ததும் 'நா' வருகிறது. அதற்கு அர்த்தம் 'நான்'. (நம்மைப் போலவே!) அடுத்து ஏ. அந்த மகரம் ஓடி வந்து அடித்தட்டில் உட்கார்ந்து, சதுரம் 'நாம்' என்று ஆகிவிடுகிறது. நமக்கு 'நாம்' என்றால் நாமெல்லாரும். அவர்களுக்கோ 'நாம்' என்றால் அந்நியன்! கடைசியில் என் என்ற கீயைத் தட்டுகிறீர்கள். அது உகரம். உடனே மகரம் அடித்தட்டிலிருந்து துள்ளி எழுந்து, பக்கத்துச் சதுரத்தின் தலைத் தட்டில் போய் உட்கார்ந்து 'மு' ஆகிவிடுகிறது. நான், அந்நியன், மரம்! நாலு தட்டில் மூன்று அவதாரம்!

எழுத்து இப்படி ஒரு கணம் தோன்றி, சட்டென்று மறைந்து, வேறிடத்தில் தலைகாட்டுவதற்குக் கொரியர்கள் வைத்திருக்கும் பெயர் 'தொக்கேபி புல்'. அதாவது, பூத நெருப்பு. இருட்டில் சதுப்பு நிலத்தில் மினுக்கி மினுக்கி இடம் மாறும் வெளிச்சத்துக்கு அங்கே அந்தப் பெயர். நம் பாட்டிமார் அதையே கொள்ளிவாய்ப் பிசாசு என்பார்கள்.

பிசாசு புகுந்ததற்குக் காரணம், தலைத் தட்டுக்கும் அடித்தட்டுக்கும் ஒரே கீயை வைத்ததுதான். நீங்கள் அடித்த மகரம் இந்தக் காரியரின் அடித்தட்டுக்கா, அடுத்த காரியரின் தலைத் தட்டுக்கா என்பது அடுத்த கீயைத் தட்டும் வரையில் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஆகவே உத்தேசமாக வைக்கிறது, பிறகு மாற்றுகிறது.

இந்தப் பிசாசை அண்ட விடாத ஒரு முறையை, கம்ப்யூட்டர் வீட்டுக்கு வருவதற்கு வெகு காலம் முன்பே ஒருவர் கண்டுபிடித்திருந்தார். அவர் பாஷா பண்டிதரும் அல்ல, இஞ்சினீயரும் அல்ல, கண் டாக்டர். கோங் பியோங்-ஊ என்று பெயர். 1938-ல் சியோல் நகரில் சொந்தமாகக் கண் ஆஸ்பத்திரி வைத்தவர். அப்பொழுது ஜப்பானிய ஆட்சி. படித்ததெல்லாம் ஜப்பானிய பாஷையில். சொந்த எழுத்தில் அவருக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. கண் வைத்தியத்துக்காக வந்த ஈ குக்-ரோ என்ற மொழி அறிஞர்தான் அவருக்குத் தாய் எழுத்தின் அருமையை எடுத்துச் சொன்னவர். (அந்த அறிஞரை 1942-ல் ஜப்பானிய அரசு சிறையில் தள்ளியது. அகராதி வேலை செய்த மொழிச் சங்கத்தார் பலருக்கும் அதே கதி.) நோயாளிக்கு டாக்டர் கண்ணைத் திறந்தாரோ இல்லையோ, டாக்டருக்கு நோயாளி திறந்துவிட்டார்!

1945-ல் விடுதலை வந்தது. டாக்டர் டைப்ரைட்டர்களைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். 1949-ல் அவருடைய யந்திரம் தயாராயிற்று. அவர் யோசனை எளிமையானது: தலைத் தட்டு மெய்க்குத் தனி கீ, வலது பக்கம், அடித்தட்டு மெய்க்குத் தனி கீ, இடது பக்கம், உயிர் நடுவில். மூன்று தொகுதி. எந்த எழுத்தும் வந்து உட்கார்ந்த இடத்தை விட்டு நகராது. பிசாசுக்கு வேலையே இல்லை! வேகமோ அபாரம்.

குறையும் இருந்தது. கீகள் அதிகம், எண்களின் வரிசையிலும் எழுத்துக்கள் ஏறிக்கொண்டன. காகிதத்தில் விழுந்த எழுத்து சதுரமாக இராமல், சிலது குட்டையாகவும் சிலது கீழே நீண்டும் தொங்கிற்று. துணி உலர்த்தும் கொடியைப் போல இருக்கிறது என்று சொன்னார்கள். அழகு பார்ப்பவர்களுக்கும் வேகம் பார்ப்பவர்களுக்கும் வழக்கு முற்றியது. 1969-ல் சர்க்கார் டைப்ரைட்டருக்கு ஒரு நிர்ணயம் செய்தபோது, டாக்டருடைய மூன்று தொகுதியை ஒதுக்கிவிட்டு நான்கு தொகுதி முறையை எடுத்துக்கொண்டது. 1982-ல் கம்ப்யூட்டருக்கு நிர்ணயம் வந்தபோது நீங்கள் இப்பொழுது அடித்துப் பார்த்த இரண்டு தொகுதி முறை ஜெயித்தது. கற்பது சுலபம், இருபத்தாறு கீயில் அடங்குகிறது என்பது அதன் பலம். டாக்டர் இரண்டு தடவையும் தோற்றார்.

யாருடைய பக்கம் நியாயம்? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 'ஆன்யோங் ஹஸேயோ', அதாவது 'சௌக்கியமா' என்று விசாரிக்க அடிக்க வேண்டியது: டி, கே, எஸ், எஸ், யு, டி, ஜி, கே, டி (இது முன்பு அடித்த டி அல்ல, 'டீ' குடிக்கிற டி), பி (பேப்பருக்கு வரும் பி), மறுபடி பழைய டி, ஒய். பன்னிரண்டு தட்டில் ஏழு இடது கைக்கு, ஐந்து வலது கைக்கு. மெய் தலையிலும் வருகிறது, காலிலும் வருகிறது. எல்லாம் இடது கையின் தலையில்! வலது கைக்காரர்கள் மிகுந்த உலகத்தில் இது என்ன நியாயம் என்று டாக்டர் கட்சியார் கேட்பதில் அர்த்தம் இருக்கத்தான் செய்கிறது. போதாக்குறைக்கு, 'பால்' எழுதும் ஆங்கில 'பி' கீயில் ஓர் உயிரெழுத்தையும் வைத்து, அதையும் இடது கைக்கே தள்ளியிருக்கிறார்கள். அந்த எழுத்து ஒரு கோட்டின் கீழ் இரண்டு கோடுகள் இறங்கினாற்போல் இருக்கும். கண்ணீர் வழிகிற கண்! கொரிய இளைஞர்கள் கடிதத்தில் அழ வேண்டுமானால் அதை இரண்டு தடவை தட்டுகிறார்கள். சிரிக்க வேண்டுமானால் 'இஸட்' கீ. அதில் 'க்' இருப்பதால் 'க்க்க்' என்று சிரிப்பு. ஆனால் வலது ஆல்ட்டைத் தட்ட மறந்திருந்தால், சிரிப்புக்குப் பதில் ஆங்கிலத்தில் 'இஸட் இஸட் இஸட்' என்று குறட்டை போய்ச் சேரும்!

டாக்டர் சளைக்கவில்லை. எண்பது வயது கடந்த பிறகு, 1988-ல், சியோலில் தம் எழுத்துக்காக ஒரு மன்றம் திறந்தார். கொரியாவில் வீட்டுக்கு வீடு புழங்கிய 'ஹங்குல்' என்ற கம்ப்யூட்டர் எழுது கருவியை 1989-ல் வெளியிட்ட இளைஞர்களுக்கு அங்கே உட்கார்ந்து வேலை செய்ய இடம் கொடுத்தார். 1995-ல் காலமானார். சடங்கு ஒன்றும் வேண்டாம், உடல் வைத்திய மாணவர்களுக்கு என்று முன்னமே சொல்லி வைத்திருந்தார். கண் டாக்டரின் கண்கள் பிறருக்குப் பார்வை தரப் போயின.

அவர் தோற்றதாகச் சொன்னேன். ஆனால் உங்கள் விண்டோஸ் கம்ப்யூட்டரில் கொரிய பாஷையின் செட்டிங்க்ஸைத் திறந்தால், 'இரண்டு தொகுதி' என்பதற்குக் கீழே 'மூன்று தொகுதி' என்றும் எழுதியிருக்கும். கை தவறி அதைத் தொட்டுவிட்டீர்களானால் 'அம்மா' என்று அடித்த இடத்தில் என்னவோ புரியாத எழுத்தெல்லாம் வரும். பயந்து பையனைக் கூப்பிடாதீர்கள். டாக்டர் வந்திருக்கிறார், அவ்வளவுதான். ஒரு நிமிஷம் அந்த ஏற்பாட்டைப் பார்த்துவிட்டு, மறுபடி இரண்டு தொகுதியைத் தேர்ந்துகொண்டு, டி, ஜே, ஏ, ஏ, கே என்று ஆரம்பியுங்கள்.