உச்சிப்பொழுது ஒன்றேகால் மணிக்கு

பெருங்கோவில்கள், சிறு பயணங்கள் – 17

பொலோனியா நகரத்து சான் பெத்ரோனியோ பேராலயத்துக்கு முதல்முறை போனபோது கடிகாரத்தை நம்பி ஏமாந்தேன். ஜூன் மாதம். உச்சிவேளையில் கோவில் கூரையிலுள்ள ஒரு சின்னத் துளை வழியாகச் சூரியன் உள்ளே இறங்கி, தரையில் பதித்த பித்தளைக் கோட்டைக் கடந்து போவான் என்று படித்திருந்தேன். உச்சிவேளை என்றால் பன்னிரண்டு மணிதானே? பத்து நிமிடம் முன்னதாகவே போய்க் கோட்டருகே நின்றுகொண்டேன். பன்னிரண்டு அடித்தது, ஒன்றும் வரவில்லை. பன்னிரண்டரை வரை கழுத்து வலிக்கக் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, பசி தாங்காமல் சாப்பிடக் கிளம்பினேன். ஒன்றரைக்குத் திரும்பி வந்தால், கோட்டுக்கு ஒரு முழத்துக்கும் அதிகமான தூரத்தில் தட்டளவு வெளிச்சம் ஒன்று தரையில் கிடந்தது. பக்கத்தில் நின்ற முதியவர் கையை விரித்தார். “இன்றைக்கு முடிந்துவிட்டது. நாளைக்கு வாருங்கள்.” எனக்கு மூன்று மணிக்கு வெனிஸ் ரயில்.

இந்தத் தொடரில் இதுவரை எழுதிய பேராலயங்களுக்கெல்லாம் நுழைவுச்சீட்டை முன்பதிவு செய்தால் போதும் என்றேன். இதற்கு அது போதாது. சூரியனிடம் நேரம் கேட்டுக்கொண்டு போக வேண்டிய கோவில் இது.

முதலில் ஊர். ஃபுளோரன்ஸிலிருந்து அதிவேக ரயிலில் சுமார் 40 நிமிடம். இங்கிருந்து வெனிஸுக்கு ஒன்றரை மணி நேரம். நம் சுற்றுலாக்காரர்கள் பொலோனியாவை ரயில் மாறும் இடமாகத்தான் அறிவார்கள். அதிவேக ரயில்கள் பலவும் நிலத்தடி நிலையத்தில் நிற்பதால் ஜன்னல் வழியாகக்கூட ஊர் தெரியாது. நான் சொல்வது இதுதான்: ஃபுளோரன்ஸில் காலையில் கிளம்புங்கள், பெட்டிகளை நிலையத்திலேயே காப்பகத்தில் போடுங்கள், கோவிலைப் பார்த்துவிட்டு மாலையில் வெனிஸ் போய்ச் சேருங்கள். பெரிய பெட்டியை உருட்டிக்கொண்டு கோவில் வாசலுக்குப் போகாதீர்கள். அங்கே பையைத் திறந்து பார்க்கிறார்கள். நிலையத்திலிருந்து நேர்தெருவில் இருபது நிமிட நடை. வெயிலானாலும் மழையானாலும் கவலை வேண்டாம், வழி நெடுகத் தூண் வைத்த தாழ்வாரங்கள். பொலோனியாவின் இந்தத் தாழ்வாரங்களை யுனெஸ்கோ 2021-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

போகிற வழியிலேயே ஒரு பெரிய கோவில் வரும். அதுதான் சான் பெத்ரோனியோ என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பியவர்கள் உண்டு. அது சான் பியேத்ரோ, ஆயரின் கோவில். நாம் தேடிப் போவது மாஜ்ஜோரே சதுக்கத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு முக்கியமானது. சான் பெத்ரோனியோவை 1390-ல் கட்டத் தொடங்கியது ஆயரோ போப்பாண்டவரோ அல்ல, ஊர்ச்சபை. தங்கள் காவல் புனிதர் பெத்ரோனியஸுக்கு ஊரார் தங்கள் காசில் எழுப்பியது. 1929 வரை அது நகரத்தின் சொத்தாகவே இருந்தது. அபிஷேகம் செய்து அர்ச்சித்தது 1954-ல்தான். ஐந்தரை நூற்றாண்டுக்கு மேல் அர்ச்சிப்பு இல்லாமலேயே பூசை நடந்திருக்கிறது!

முகப்பைப் பார்த்ததும் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். கீழ்ப்பாதி வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பளிங்கு; மேல்பாதி வெறும் செங்கல். பளிங்குப் பலகை பற்றிக்கொள்வதற்காக நீட்டி விட்ட செங்கற்கள் இன்னமும் பல் இளித்துக்கொண்டு நிற்கின்றன. ரோமின் தூய பேதுரு பேராலயத்தையும் மிஞ்சும்படி கட்டத் திட்டமிட்டார்கள், போப் நான்காம் பயஸ் பக்கத்திலேயே பல்கலைக்கழகக் கட்டடத்தை எழுப்பி அந்த ஆசைக்குக் குறுக்கே சுவர் வைத்தார் என்று ஊரில் சொல்வார்கள். கட்டடம் எழுந்தது 1563-ல். காரணம் போப்பின் பொறாமையா, ஊர்ச்சபையின் காலிக் கஜானாவா என்பதில் என் சந்தேகம் கஜானா பக்கம். எப்படியோ, கோவில் நின்றுபோன அளவிலேயே 132 மீட்டர் நீளம்.

நடுவாசலில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். ஜாக்கொபோ தெல்லா குவெர்ச்சா 1425 முதல் செதுக்கிய ஆதியாகமக் காட்சிகள் இரு பக்கத் தூண்களிலும் இருக்கின்றன. ஆதாமும் ஏவாளும் கட்டுமஸ்தான உடம்போடு, சட்டத்துக்குள் அடங்காமல் நெளிகிறார்கள். இளைஞன் மைக்கேலாஞ்சலோ இந்த ஊரில் தங்கியிருந்தபோது இவற்றைப் பார்த்தார். சிஸ்டைன் கூரையில் ஏவாள் எழும் காட்சியைப் பார்த்தவர்களுக்கு உறவு புரியும். இதே வாசலுக்கு மேலே 1508-ல் மைக்கேலாஞ்சலோ வார்த்த போப் இரண்டாம் ஜூலியஸின் வெண்கலச் சிலை இருந்தது. 1511-ல் இந்த ஊரில் போப்பின் ஆட்சி கவிழ்ந்ததும் ஊரார் அதைக் கீழே தள்ளினார்கள். ஃபெராரா கோமகன் அந்த வெண்கலத்தை வாங்கி உருக்கிப் பீரங்கி செய்து, அதற்கு ‘ஜூலியா’ என்று பெயரும் வைத்தார். பேரரசர் ஐந்தாம் சார்லஸுக்குப் போப் ஏழாம் கிளெமென்ட் 1530-ல் முடிசூட்டியதும் இந்தக் கோவிலில்தான். போப்பின் கையால் முடி பெற்ற கடைசி ரோமப் பேரரசர் அவர்.

இனி உள்ளே. இடப்பக்கம் திரும்பித் தரையைப் பாருங்கள். பளிங்குப் பட்டைகளுக்கு நடுவே விரல் அகலத்தில் பித்தளைக் கோடு ஓடுகிறது. நீளம் ஏறக்குறைய 66.8 மீட்டர், அதாவது பூமியின் சுற்றளவில் ஆறு லட்சத்தில் ஒரு பங்கு. போட்டவர் ஜான் தொமேனிகோ காசினி. சனிக்கோளுக்குப் போன காசினி விண்கலத்தின் பெயர் நினைவிருக்கும்; அந்தக் காசினியேதான். 1655-ல் அவருக்கு வயது முப்பது, பொலோனியா பல்கலைக்கழகத்தில் வானியல் பேராசிரியர்.

கோவிலுக்குள் எதற்கு இந்த வேலை? பாஸ்காவுக்காக. வசந்த காலச் சமபகலிரவை அடுத்து வரும் முழுநிலவுக்குப் பிந்தைய ஞாயிறுதான் ஈஸ்டர். சமபகலிரவு என்றைக்கு என்பதில் பிசகினால் திருச்சபையின் ஆண்டு முழுவதும் பிசகும். உச்சிவேளை வெளிச்சம் கோட்டில் விழும் இடம் நாளுக்கு நாள் நகர்வதால், அந்த நாளை அதிலிருந்தே கண்டுகொள்ளலாம். பழைய ஜூலியன் நாட்காட்டி பத்து நாள் பின்தங்கிப் போயிருந்ததால், 1582-ல் அக்டோபர் 4-க்கு அடுத்த நாள் 15 என்று அறிவித்தார் போப் பதின்மூன்றாம் கிரகோரி. அவர் பிறந்த ஊர் இதே பொலோனியா. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே டொமினிக்கன் துறவி எஞ்ஞாத்சியோ தாந்தி இந்தக் கோவிலில் ஒரு கோடு போட்டிருந்தார். ஆனால் அது சரியான வடக்கு–தெற்கில் இல்லை, தூண்கள் வழிமறித்தன. பின்னர் கோவிலை நீட்டியபோது அவர் துளையிட்ட சுவரையும் இடித்துவிட்டார்கள்.

புதிய கோட்டுக்குக் காசினி திட்டம் கொடுத்தபோது தூண்களுக்கு நடுவே நேர்கோடு போக வழியே இல்லை என்று மற்றவர்கள் தலையசைத்தார்களாம். அவர் கூரையில் வேறிடம் பார்த்தார். 27.07 மீட்டர் உயரத்தில், அந்த உயரத்தின் ஆயிரத்தில் ஒரு பங்காக, 27 மில்லிமீட்டர் துளை. அங்கிருந்து இறங்கும் ஒளி தூண்களை உரசினாற்போலத் தப்பிப் போகும்படி கணக்குப் போட்டார். கோட்டை ஒட்டி நடந்து பாருங்கள். ஊசியில் நூல் கோத்த மாதிரி இருக்கும்.

கலிலியோவை விசாரித்துத் தண்டித்தது 1633-ல். இருபத்திரண்டே ஆண்டு கழித்து அதே திருச்சபையின் கோவிலுக்குள் ஒரு வான்நோக்குக் கூடம்! முரண் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் தரையில் விழும் வெளிச்சம் பூமி சுற்றுகிறதா, சூரியன் சுற்றுகிறானா என்று சொல்வதில்லை. ஆகவே யாருக்கும் சங்கடமில்லை. சூரியன் குளிர்காலத்தில் சற்று வேகமாகவும் கோடையில் மெதுவாகவும் நகர்வதாகத் தெரிவது ஏன் என்பதுதான் காசினியின் கேள்வி. தூரம் மாறுவதால் அப்படித் தோன்றுகிறது, அவ்வளவுதான் என்றால், வெளிச்சவட்டத்தின் அளவும் வேகத்துக்கு ஈடாக மாற வேண்டும். அளந்து பார்த்தார், பாதிதான் மாறியது. மீதிப் பாதி, வேகமே உண்மையில் மாறுவதால் வருவது. கெப்ளர் சொன்னது அதைத்தான். துரவு போட்டுத் தண்ணீர் தேடப் போனவனுக்குப் புதையல் கிடைத்த கதை: பாஸ்கா தேதிக்காகப் போட்ட கோடு கெப்ளருக்குச் சாட்சி சொன்னது. இதைப் பற்றி ஜான் ஹைல்பிரான் எழுதிய ‘தி சன் இன் த சர்ச்’ என்ற புத்தகம் 1999-ல் வந்தது. வானியலில் விருப்பமுள்ளவர்கள் தேடிப் படிக்கலாம்.

இப்போது நேரத்துக்கு வருவோம். இத்தாலியின் கடிகாரம் கிழக்கு 15 டிகிரி தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. பொலோனியா இருப்பது 11.3 டிகிரியில். அதனால் அங்கே உச்சிப்பொழுது சராசரியாகப் பதினான்கரை நிமிடம் தாமதம். மார்ச் கடைசி ஞாயிறிலிருந்து அக்டோபர் கடைசி ஞாயிறு வரை கோடை நேரம் என்று கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவிடுகிறார்கள். போதாததற்குச் சூரியனும் ஆண்டு முழுவதும் ஒரே சீராக வருவதில்லை. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் ஏப்ரல் நடுவிலும் செப்டம்பர் முதல் தேதியிலும் 1.15, மே நடுவில் 1.11, ஜூன் 21-ல் 1.16, ஜூலை கடைசியில் 1.21. குளிர்காலத்தில் பிப்ரவரி நடுவில் 12.29, டிசம்பர் 21-ல் 12.13. நவம்பர் முதல் வாரத்தில் மட்டும் பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் முன்பே வந்துவிடுவான். என்னைப் போலக் கடிகாரத்தை நம்புகிறவர்களுக்கு ஏற்ற வாரம் அது ஒன்றுதான்.

ஒரு சிக்கல் உண்டு. இத்தாலியில் பல கோவில்களை மதியத்தில் சில மணி நேரம் சாத்திவிடுவார்கள். கோடையில் நமக்கு வேண்டியதோ ஒன்றேகால். நீங்கள் போகும் நாளில் மதியம் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்பதை முன்னதாகப் பார்த்துக்கொண்டு பிறகு ரயிலுக்குப் பதிவு செய்யுங்கள். ஞாயிறு பூசை நேரத்தில் சுற்றிப்பார்க்க விடமாட்டார்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். கோவிலுக்குள் இருக்கும் போலொஞ்ஞினி சிற்றாலயத்தின் சுவரோவியங்களுக்குத் தனிக் கட்டணம்.

எந்த மாதம் நல்லது? ஜூனில் வெளிச்சம் சிறியது, ஏறக்குறைய வட்டம், சாப்பாட்டுத் தட்டளவு, பிரகாசமும் அதிகம். டிசம்பரில் சூரியன் தாழ்ந்து வருவதால் அதுவே ஓர் ஆள் நீளத்துக்கு இழுபட்டு, மங்கலாகக் கிடக்கும். பார்க்க டிசம்பர்தான் அழகு, ஆனால் போ ஆற்றுச் சமவெளியின் மூடுபனி உங்களை ஏமாற்றிவிடலாம். ஒரே ஒரு நாள் கையிலிருந்தால் மே அல்லது செப்டம்பர் என்பேன். எந்த மாதமானாலும் வெளிச்சத்தின் முன்விளிம்பு கோட்டைத் தொட்டதிலிருந்து பின்விளிம்பு விலகும் வரை இரண்டே கால் நிமிடம்போல ஆகும். முதலில் நகர்வதே தெரியாது. கோட்டின் பித்தளை பளிச்சென்று பற்றிக்கொண்ட பிறகுதான் அது ஊர்ந்துகொண்டே இருந்தது கண்ணுக்குப் படும். இரண்டாம் முறை போனபோது என் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடக் கூட்டமே உட்கார்ந்திருந்தது. அந்த இரண்டு நிமிடம் அத்தனை பிள்ளைகளும் வாயைத் திறக்கவில்லை.

கோட்டின் ஓரம் ராசிச் சின்னங்கள் பொறித்திருக்கின்றன. நம்மவர்கள் அங்கே ஒரு கணம் குழம்புவார்கள். சூரியன் மகரத்தைத் தொடுவது அங்கே டிசம்பர் 21-ஐ ஒட்டி. நமக்குத் தைப் பொங்கல் ஜனவரி நடுவில். இருவர் கணக்கும் தப்பில்லை. அவர்கள் சமபகலிரவிலிருந்து ராசியை எண்ணுகிறார்கள், நம் பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்து எண்ணுகிறது. இரண்டுக்கும் இப்போது 24 டிகிரி இடைவெளி. அதைத்தான் அயனாம்சம் என்கிறோம். காசினிக்கும் நம் பக்கத்துக் கணக்கு அறிமுகம்தான். 1669-ல் பதினான்காம் லூயி அழைத்துப் பாரிஸுக்குப் போன அவரிடம், சயாமிலிருந்து வந்த வானியல் சூத்திரங்கள் சில பின்னாளில் வந்து சேர்ந்தன. இந்தியாவில் வேர்விட்ட கணக்குகள் அவை. யாருக்கும் விளங்காத அந்த விதிகளை அவிழ்த்து விளக்கியவர் காசினிதான்.

இப்போது அங்கே கிடக்கும் பித்தளை காசினி காலத்ததல்ல. அவர் போட்ட இரும்புக் கோட்டை எடுத்துவிட்டு 1776-ல் எவுஸ்தாக்கியோ த்சனோத்தி பதித்தது. துளை மட்டும் காசினி இட்ட இடத்திலேயே இருக்கிறது.

டிசம்பரில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கோவிலுக்குள் வெகுதூரம் நடந்துவிடாதீர்கள். சூரியன் தெற்கே தாழ்ந்திருக்கும்போது வெளிச்சம் வடக்கே, வாசல் பக்கமாக வந்து விழும். உள்ளே நுழைந்ததும் கோடு முடிகிற இடத்தைத் தேடி, 12.10-க்குள் அங்கே நின்றுகொள்ளுங்கள்.

(தொடரும்)