பழைய பென்ஸ்: வாங்கும் விலையும் வைத்திருக்கும் விலையும்

"ஒரு வெகன் ஆர் வாங்குற காசுக்குப் பழைய பென்ஸ் ஒன்று எடுக்கலாமே காக்கா, என்ன சொல்றீங்க?" கல்முனைக் கடைத்தெருவில் தொழில் செய்கின்ற இளைஞர்கள் பலர் என்னிடம் இப்படிக் கேட்கின்றார்கள். கேள்வியில் நியாயம் இருக்கின்றது. தோல் இருக்கை, மரம் பதித்த முகப்பு, கதவை மூடும்போது கேட்கின்ற அந்தக் கனமான சத்தம், கல்யாண வீட்டு வாசலில் நிறுத்தினால் கிடைக்கின்ற மரியாதை எல்லாம் சின்னக் காரில் வராது.

நான் மெக்கானிக் அல்ல, முப்பது வருடமாகக் கடைக் கணக்கு எழுதுகின்றவன். எனவே கணக்காகவே பதில் சொல்கின்றேன். பதினைந்து, இருபது வருடம் ஓடிய சொகுசுக் காரின் விலை இறங்கும். ஆனால் அதன் உதிரிப்பாகத்தின் விலை இறங்காது. பிறக்கும்போது கோடி பெறுமதியான வண்டி, கை மாறிக் கை மாறி ஐம்பது இலட்சத்துக்கு வந்தாலும், அதன் பிரேக்கும் சஸ்பென்ஷனும் கியர் பொக்ஸும் கோடி ரூபா வண்டிக்குரியவையாகவே இருக்கின்றன. வாங்குகின்றவர் ஐம்பது இலட்சத்தைப் பார்க்கின்றார். கராஜ் பில் கோடியைப் பார்த்து எழுதப்படுகின்றது.

கார் சொத்தாக மாறிய கதை

நமது நாட்டில் இந்த விடயம் கொஞ்சம் மறைந்து கிடக்கின்றது. இங்கிலாந்திலோ ஜேர்மனியிலோ பழைய சொகுசுக் கார் மிகவும் மலிவாகக் கிடைக்கும், ஏன் மலிவு என்பதும் அங்குள்ளவர்களுக்குத் தெரியும். இலங்கையில் சுங்க வரி, உற்பத்தி வரி, ஆடம்பர வரி, வற் வரி என்று ஒன்றின்மேல் ஒன்றாக ஏறுவதால் புதிய வண்டியின் விலை வானத்தில் நிற்கின்றது. அதைப் பிடித்துக்கொண்டு பழைய வண்டியின் விலையும் மேலேயே நிற்கின்றது.

அதற்கு மேலாக, 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணிப் பிரச்சினையால் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து வருடத்தில் ஓடிக்கொண்டிருந்த கார்களின் விலை ஏறியது. வாங்கிய விலையை விடக் கூடுதலாக விற்றவர்களை நாம் எல்லோரும் அறிவோம். அப்போதுதான் "கார் என்றால் காணி மாதிரி, விலை இறங்காது" என்ற எண்ணம் பலர் மனதில் ஊன்றியது. உண்மையில் அந்த இலாபத்தைத் தந்தது கார் அல்ல, தடைதான். தடை நீங்கிய பிறகு அந்த நம்பிக்கையில் முதல் போடுவது சரியான வியாபாரம் ஆகாது.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், இரண்டு மாதத்துக்குள் 360 ரூபா வரை போனது. ஜேர்மனியில் இருந்து வருகின்ற ஒரு பம்பின் விலை அங்கே ஒரு சதமும் ஏறாமலேயே இங்கே ஒன்றரை மடங்குக்கு மேல் ஆனது. வெளிநாட்டு உதிரிப்பாகத்தை நம்பிய கார் வைத்திருப்பவர், தெரிந்தோ தெரியாமலோ டொலரில் கடன்பட்டவரைப் போன்றவர்தான்.

எந்த வயது, எந்த வருத்தம்?

"பென்ஸ் கார் சாகாது" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அது 123, 124 என்ற இலக்கங்களால் அழைக்கப்பட்ட பழைய மாதிரிகளைக் கண்டு சொன்ன சொல். கிரேக்க நாட்டு வாடகைக் கார் சாரதி ஒருவர், 1976 ஆம் ஆண்டின் பென்ஸ் 240 டீ காரை 46 இலட்சம் கிலோமீற்றர் ஓட்டியபின், 2004 இல் அந்தக் கம்பனியின் அருங்காட்சியகத்துக்கே கொடுத்தார். இந்தக் கதையைச் சொல்கின்றவர்கள் பாதியைத்தான் சொல்வார்கள். மீதிப் பாதி என்னவென்றால், அவர் ஒரே என்ஜினில் அத்தனை தூரம் ஓடவில்லை. என்ஜின்களை மாற்றி மாற்றிப் போட்டு, பழுது பார்த்துப் பார்த்து ஓடினார். அந்தக் கார் சாகாமல் இருந்தது பராமரிப்பால்தான்.

124 இலும் ஒரு விடயம் உண்டு. 1990களின் முதற்பாதியில் வந்த சில வண்டிகளின் என்ஜின் வயர்களுக்குப் போட்ட மேலுறை, சூட்டில் காய்ந்து பொடிப்பொடியாக உதிரக்கூடியது. நல்ல வண்டி திடீரென்று தடுமாறும், எந்தக் கோளாறு என்று கண்டுபிடிக்க மாதக்கணக்கு ஆகும். வயர்க்கட்டு மாற்றப்பட்டதா என்று கேட்காமல் அந்த வருட வண்டியை எடுக்கக்கூடாது.

அதற்குப் பிந்திய வண்டிகளில் கணினி புகுந்தது. 2002 இல் வந்த 211 என்ற ஈ கிளாஸ் மாதிரியில், காலால் மிதிப்பதை மின்சாரம் மூலம் பிரேக்குக்குக் கொண்டுபோகின்ற எஸ்பிசி என்ற முறை இருந்தது. 2004 இல் சுமார் 6 இலட்சத்து 80 ஆயிரம் கார்களையும், 2005 இல் 13 இலட்சம் கார்களையும் கம்பனி திருத்தத்துக்குத் திரும்ப அழைத்தது. 2006 இல் புதுப்பித்த மாதிரியில் அந்த முறையையே கைவிட்டு வழமையான பிரேக்குக்குத் திரும்பியது. அந்தப் பம்ப் எத்தனை தடவை வேலை செய்தது என்று தானே எண்ணிக்கொண்டு, தவணை முடிந்ததும் முகப்பில் எச்சரிக்கை காட்டும். முற்றாகச் செயலிழந்தால் முன் சில்லுகளில் மட்டுமே பிரேக் பிடிக்கும், அதற்கும் பலம்கொண்டு மிதிக்க வேண்டும். பிரேக் பேட் மாற்றும்போதுகூட முதலில் கணினியால் அதை உறங்க வைக்காவிட்டால், பம்ப் தானாக இயங்கிக் கராஜ் பாஸின் விரலை நசுக்கிவிடும். ஆகவே 2006 இற்கு முந்திய 211 எடுப்பவர் மற்றெல்லாவற்றுக்கும் முன் இதைத்தான் பார்க்க வேண்டும்.

காற்றுப் பை சஸ்பென்ஷன் உள்ள எஸ் கிளாஸ் போன்ற வண்டிகளுக்கு ஓர் எளிய சோதனை இருக்கின்றது. இரவு நிறுத்திவிட்டுக் காலையில் பாருங்கள். ஒரு மூலை சரிந்திருந்தால் காற்று கசிகின்றது. கசிவை விட்டால் அடுத்துச் சாவது காற்றடிக்கின்ற கொம்ப்ரசர்.

பிஎம்டபிள்யூவில் ஈ46 என்ற மூன்றாம் வரிசைக் காரின் பலவீனம் தண்ணீர் முறை. ரேடியேட்டர் நீர்த் தாங்கி பிளாஸ்டிக்கில் ஆனது. ஏறக்குறைய 1 இலட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை தாங்கி, பம்ப், குழாய் எல்லாவற்றையும் மாற்றிவிடுவது அனுபவசாலிகளின் வழக்கம். ஒருமுறை கொதித்தால் என்ஜின் தலை வளைந்துவிடும். 2007 முதல் 2011 வரை வந்த என்47 என்ற டீசல் என்ஜினில் டைமிங் செயின் தேய்வது பேர்போன கோளாறு. அந்தச் செயின் என்ஜினின் பின்பக்கம் இருப்பதால், சிறிய பொருளை மாற்ற முழு என்ஜினையும் இறக்க வேண்டி வரும்.

லெக்சஸ் நல்லது என்பார்கள். அதில் உண்மை இருக்கின்றது. 1989 இல் டொயோட்டா ஆரம்பித்த பெயர் அது. பல பாகங்கள் டொயோட்டாவோடு பொதுவானவை. அமெரிக்காவின் ஜே.டி. பவர் நிறுவனம் செய்கின்ற நம்பகத்தன்மை ஆய்வில் 2023, 2024, 2025 ஆகிய மூன்று வருடமும் முதலிடம் பெற்றது. ஆனால் அந்த ஆய்வு பார்ப்பது மூன்று வயதுக் கார்களை. பதினெட்டு வயது வண்டிக்கு அது சான்றிதழ் ஆகாது.

நமது கரைக்குரிய கணக்கு

கல்முனையில் இருப்பவருக்கு இரண்டு செலவு கூடுதல். ஒன்று கடல், மற்றது தூரம்.

நமது வீடுகளுக்கும் கடலுக்கும் இடைவெளி குறைவு. உப்புக்காற்று அடித்தகட்டையும், கதவுக்குக் கீழுள்ள விளிம்பையும், மின்சார இணைப்புகளையும் மெல்ல மெல்லத் தின்னும். வாரம் ஒருமுறை வண்டியின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவுவது செலவில்லாத வைத்தியம். வெள்ளத்தில் நின்ற வண்டியா என்பதையும் பார்க்க வேண்டும். 2025 நவம்பரில் டித்வா புயல் வெள்ளத்தை நாடே கண்டது. சீட் பெல்ட்டை முழுதாக இழுத்துப் பாருங்கள், அடியில் சேற்றுக் கோடு இருந்தால் தெரியும். கம்பளத்தைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். ஜேர்மன் கார்கள் சிலவற்றில் கணினிப் பெட்டி அந்தக் கம்பளத்துக்குக் கீழேதான் இருக்கின்றது.

எயார்பேக் உயிர்ப் பிரச்சினை. ஜப்பானின் டகாட்டா கம்பனி செய்த எயார்பேக்குகள் கோடிக்கணக்கில் உலகெங்கும் திரும்ப அழைக்கப்பட்டன. மோட்டார் வரலாற்றில் இதை விடப் பெரிய திருத்தம் இல்லை. நீண்ட காலம் சூடும் ஈரமும் பட்டால் அதற்குள் இருக்கின்ற வெடிமருந்து கெட்டு, விபத்தின்போது உலோகத் துண்டுகளைச் சாரதியின் முகத்துக்கே எறியும். சூடும் ஈரமும் நமது கரைக்குப் புதிதல்ல. பிஎம்டபிள்யூ, பென்ஸ், டொயோட்டா, ஹொண்டா என்று பல பெயர்களில் இது பொருத்தப்பட்டது. செஸி இலக்கத்தைக் கொடுத்தால் ஏஜென்ட் பார்த்துச் சொல்வார்கள், கம்பனிகளின் இணையத்தளத்திலும் பார்க்கலாம். இதற்குக் காசு இல்லை.

அடுத்தது தூரம். நல்ல கணினிக் கருவியும் பயிற்சியும் உள்ள கராஜ்கள் பெரும்பாலும் கொழும்பில். பழைய பாகம் தேடுவது என்றால் பஞ்சிகாவத்தை. அம்பாறை, மஹா ஓயா, மஹியங்கனை வழியாகப் போனால் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். எங்கள் ஊர் வியாபாரி ஒருவரின் கார், ஒரு கியர் பொக்ஸ் பாகத்துக்காகக் கொழும்பில் ஆறு வாரம் நின்றது. பாகத்தின் விலை ஒரு பக்கம் இருக்க, வண்டியை லொறியில் ஏற்றிய கூலி, அவர் போய் வந்த செலவு, கடையைப் பூட்டிய நாட்கள் எல்லாம் மறுபக்கம். பெருநாள் சீசனுக்குச் சரக்கு எடுக்க வைத்திருந்த பணம் அதில் கரைந்தது. பில்லில் எழுதப்படாத இந்தச் செலவுதான் நமது ஊர்க்காரரை விழுத்துகின்றது.

எரிபொருளையும் பார்ப்போம். மாதம் 1,000 கிலோமீற்றர் ஓட்டம், பெற்றோல் லீற்றர் 300 ரூபா என்று கணக்குக்கு வைப்போம். லீற்றருக்கு 16 கிலோமீற்றர் ஓடும் சின்னக் காருக்கு 62.5 லீற்றர் போதும். 8 கிலோமீற்றர் ஓடும் ஆறு சிலிண்டர் காருக்கு 125 லீற்றர் வேண்டும். வித்தியாசம் மாதம் 18,750 ரூபா, வருடம் 2 இலட்சத்து 25 ஆயிரம். பல சொகுசு என்ஜின்களுக்கு ஒக்டேன் 95 வேண்டும், அது எல்லா நிரப்பு நிலையங்களிலும் கிடைப்பதில்லை. 2022 ஜூனில் ஒக்டேன் 95 லீற்றர் 550 ரூபாவுக்குப் போனதையும், கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்றதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் வாங்கவே கூடாதா?

வாங்கலாம். ஆனால் கையிலுள்ள காசு முழுவதையும் வண்டியில் போட்டு வாங்கக்கூடாது. நான் கேட்பவர்களுக்குச் சொல்கின்ற கணக்கு இதுதான்: ஐந்தில் ஒரு பங்கை முதலில் தனியாக வையுங்கள். 60 இலட்சம் இருந்தால் 48 இலட்சத்துக்குள் வண்டி தேடுங்கள், 12 இலட்சம் அதன் மருந்துச் செலவு. அந்தப் பணம் கடை முதலில் இருந்தோ லீசிங்கில் இருந்தோ வரக்கூடாது. தினம் ஓடிச் சம்பாதிக்க வேண்டிய வண்டியாகவும் இது இருக்கக்கூடாது. வீட்டில் வேறொரு வண்டி உள்ளவருக்குத்தான் பழைய சொகுசுக் கார் சந்தோஷம் தரும்.

பார்க்கப் போகும்போது தெரிந்த பாஸ் ஒருவரையும் ஸ்கேன் கருவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். என்ஜின் ஆறியிருக்கும்போதே முதல் ஸ்டார்ட்டைக் கேளுங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 3219 என்றால் 2019 ஆம் ஆண்டின் 32 ஆவது வாரம் செய்தது. பூ நன்றாக இருந்தாலும் வயது போன டயர் வெடிக்கும். பதிவுப் புத்தகத்தில் பதிவு செய்த வருடத்தோடு நிற்காமல் உற்பத்தி வருடத்தையும் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, விற்பவரிடம் பழைய பில்களைக் கேளுங்கள். ஒயில் மாற்றிய திகதி, கியர் பொக்ஸ் ஒயில், பிரேக், தண்ணீர் பம்ப் என்று பில்கள் ஒரு கோப்பில் கோர்க்கப்பட்டிருந்தால், இரண்டு இலட்சம் கூடக் கொடுத்தாலும் அந்த வண்டியை எடுங்கள். கோப்பு இல்லாமல் பொலிஷ் மட்டும் மின்னுகின்ற வண்டி இருக்கின்றதே, அதன் கோப்பை இனி நீங்கள்தான் உங்கள் காசில் எழுதத் தொடங்க வேண்டும்.