சிவப்புப் புள்ளியை நம்பலாமா? ஏர் ரைபிளுக்கு 'சைட்' வாங்கும் முன்...

என்.சி.சி. முகாமில் முதன்முதலாக .22 ரைபிளைப் பிடித்துவிட்டு வரும் பிள்ளைகள், வீட்டுக்கு வந்ததும் கேட்பது ஏர் ரைபிள். அது கைக்கு வந்ததும் அடுத்த கோரிக்கை, அதன் மேல் பொருத்தும் 'ரெட் டாட் சைட்'. சினிமாவில் கமாண்டோக்கள் வைத்திருப்பார்களே, அதேதான். ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாயிலிருந்தே கிடைக்கிறது. திண்டிவனத்துப் பெற்றோர் ஒருவர் 'ஆர்டர்' பட்டனை அழுத்தும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை.

எப்படி வேலை செய்கிறது?

சாதாரணத் துப்பாக்கியில் பின் குறி, முன் குறி, இலக்கு மூன்றையும் ஒரே கோட்டில் கொண்டுவர வேண்டும். கண்ணால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தெளிவாகப் பார்க்க முடியும். ரெட் டாட் இந்தச் சிரமத்தைப் போக்குகிறது. உள்ளே இருக்கும் சின்ன எல்.இ.டி. விளக்கின் ஒளி, சாய்ந்த கண்ணாடியில் பட்டு நம் கண்ணுக்குத் திரும்புகிறது. இலக்கின் மேலேயே புள்ளி மிதப்பதுபோலத் தெரியும். லேசர்போல வெளியே எந்த ஒளியும் பாய்வதில்லை.

இப்படிப் பிரதிபலிக்கும் குறியை 1900-ல் உருவாக்கியவர் டப்ளினைச் சேர்ந்த ஹோவர்ட் கிரப். பேட்டரியில் இயங்கும் ரெட் டாட்டை 1975-ல் கொண்டுவந்தது ஸ்வீடனின் எய்ம்பாயிண்ட். 1996-ல் அமெரிக்காவின் இயோடெக், கண்ணாடியில் பதிந்த ஹோலோகிராமை லேசரால் ஒளிரவைக்கும் 'ஹோலோகிராஃபிக் சைட்'டை அறிமுகம் செய்தது. நல்ல ரெட் டாட் ஒரே பேட்டரியில் வருடக்கணக்கில் ஓடும். ஹோலோகிராஃபிக் அவ்வளவு காலம் தாங்காது.

பெரிய பிராண்ட் என்றால் போதுமா?

போதாது என்பதற்கு 2015-ல் வந்த ஒரு வழக்கே சாட்சி. கடும் குளிரிலும் வெப்பத்திலும் இயோடெக் சைட்டின் குறி இடம் மாறுகிறது; இது தெரிந்தும் நிறுவனம் பல ஆண்டுகள் சொல்லாமல் மறைத்தது என்று அமெரிக்க அரசு குற்றம்சாட்டியது. அந்த சைட்டுகளை ராணுவமும் எஃப்.பி.ஐ.யும் பயன்படுத்திவந்தன. இயோடெக்கின் தாய் நிறுவனம் 2.56 கோடி டாலர் கொடுத்து வழக்கைச் சமரசமாக முடித்துக்கொண்டது.

நமக்கான பாடம்: புள்ளி எவ்வளவு பளிச்சென்று தெரிகிறது என்பது முக்கியமல்ல. வைத்த இடத்தில் நிற்கிறதா என்பதே கேள்வி. அக்னி நட்சத்திர வெயிலில், கண்ணாடி ஏற்றிய காருக்குள் ஒரு மதியம் கிடந்த சைட் மாலையிலும் அதே இடத்தில் சுட வேண்டும்.

வாங்கும்போது கவனிக்க...

* அதிர்வு: ஸ்பிரிங் ஏர் ரைபிள் பின்னாலும் முன்னாலும் உதைக்கும். சாதாரண சைட் இதைத் தாங்காது. 'ஸ்பிரிங் ஏர் ரைபிளுக்கு ஏற்றதா?' என்று கேளுங்கள்.

* தண்டவாளம்: ஏர் ரைபிள்களில் பெரும்பாலும் 11 மி.மீ. பள்ளம்தான் இருக்கும். பல சைட்டுகள் சுமார் 21 மி.மீ. அகலமான பிகாட்டினி தண்டவாளத்துக்கு வருபவை.

* தலையை அசைத்துப் பாருங்கள்: ரைபிளை அசையாமல் வைத்துவிட்டுத் தலையை மட்டும் நகர்த்துங்கள். 10 மீட்டரில் புள்ளி இலக்கைவிட்டு நகர்ந்தால், உங்கள் தூரத்துக்கு அந்த சைட் சரிப்படாது.

* புள்ளி சிதறுகிறதா? புள்ளி நட்சத்திரம்போலத் தெரிந்தால் செல்போன் கேமராவை சைட்டின் பின்னால் வைத்துப் பாருங்கள். திரையில் வட்டமாகத் தெரிந்தால் சைட்டில் குறையில்லை. உங்கள் கண்ணில் 'அஸ்டிக்மாட்டிசம்' இருக்கலாம். கண் மருத்துவரைப் பாருங்கள்.

போட்டிக்கு ரெட் டாட் உதவுமா?

உதவாது. புள்ளியின் அளவை எம்.ஓ.ஏ. என்ற கணக்கில் சொல்வார்கள். ஒரு எம்.ஓ.ஏ. என்பது 10 மீட்டர் தூரத்தில் சுமார் 2.9 மி.மீ. ஆக, 3 எம்.ஓ.ஏ. புள்ளி அங்கே ஏறக்குறைய 9 மி.மீ. இடத்தை மறைக்கும். ஆனால், 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் பத்து மதிப்பெண் வட்டத்தின் அகலமே அரை மி.மீ.தான்! தவிர, சர்வதேச விதிகளின்படி ரைபிள் போட்டியில் ரெட் டாட்டுக்கு அனுமதியே இல்லை. பேட்டரியே இல்லாத, சின்னத் துளை வழியாகப் பார்க்கும் 'பீப் சைட்'தான் பயன்படும்.

பக்கத்துக் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றதும், டோக்கியோ, பாரீஸ் ஒலிம்பிக்குகளுக்குப் போனதும் அந்தத் துளை வழியாகப் பார்த்துத்தான். பிள்ளைக்கு உண்மையான ஆர்வம் இருந்தால், சைட்டுக்கு ஒதுக்கிய பணத்தை ரைபிள் கிளப் பயிற்சிக்குக் கட்டுங்கள்.

சட்டம் சொல்வது

குழல் விட்டம் 4.5 மி.மீ.க்கும், ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத ஏர் ரைபிளுக்கு உரிமம் வேண்டாம். அதைத் தாண்டினால் உரிமம் கட்டாயம். உரிமம் வேண்டாம் என்பதற்காகப் பறவைகளைக் குறிவைக்கக் கூடாது. வேட்டை, 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மரக்காணம் பக்கத்துக் கழுவெளி, 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

பொழுதுபோக்குக்குத்தான் என்றால், சுட்ட குண்டைத் தடுத்து நிறுத்தும் கெட்டியான தடுப்பு, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, பக்கத்தில் ஒரு பெரியவர் மூன்றும் முதலில் தயாராகட்டும். சிவப்புப் புள்ளி அதற்குப் பிறகு வரலாம்.