உங்களுக்குத் தெரியுமா? விஜயவாடாவின் நாத்திகக் குடும்பம்

✦ மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் கொழும்பு ஆனந்தா கல்லூரியிலும் பாடம் சொன்னவர் கோரா (கோபராஜு ராமச்சந்திர ராவ், 1902–1975). கடவுள் மறுப்பை வெளிப்படையாகப் பேசியதால் 1933-இல் காக்கிநாடாவில் கல்லூரி வேலையை இழந்தார். கொள்கையை விடவில்லை.

✦ 1940-இல் கிருஷ்ணா மாவட்டம் முதுனூர் கிராமத்தில் மனைவி சரஸ்வதியோடு நாத்திக மையத்தைத் தொடங்கினார். எல்லாச் சாதியாரும் ஒரே பந்தியில் உட்காரும் விருந்துகளை நடத்தினார். 1947-இல் மையம் விஜயவாடாவுக்கு மாறியது.

✦ கர்ப்பிணி கிரகணத்தைப் பார்த்தால் குழந்தைக்கு ஊனம் வரும் என்று ஊர் பயமுறுத்தியது. சரஸ்வதி கோரா கர்ப்பமாக இருந்தபோதே ஊரறியப் பார்த்தார். மற்றப் பெண்களின் பயத்தைப் போக்கத் தன் உடலையே சாட்சியாக்கினார்.

✦ நாத்திக மையத்தார் விரதமோ வேண்டுதலோ இல்லாமல் தீமிதித்துக் காட்டினார்கள். கரித்தணல் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும்; பாதம் அதில் படுவதும் கண நேரம்தான். இதில் அருளுக்கு வேலையே இல்லை.

✦ உப்புச் சத்தியாகிரகம் நடந்த 1930-இல் பிறந்த மகனுக்கு கோரா வைத்த பெயர் ‘லவணம்’. உப்பு என்று பொருள். பின்னாளில் லவணம், வினோபா பாவேயின் பூதான யாத்திரையில் அவர் பேச்சைத் தெலுங்கில் மொழிபெயர்த்தார்.

✦ கோராவின் மகள் மனோரமாவுக்கும் தலித் இளைஞர் அர்ஜுன ராவுக்கும் சேவாகிராமத்தில் திருமணம் நடத்திவைக்க காந்தி ஒப்புக்கொண்டார். மணமக்கள் நாத்திகர்கள் என்பதால், உறுதிமொழியில் கடவுளின் இடத்தில் சத்தியத்தை வைக்கவும் இசைந்தார். அதற்குள் அவர் கொல்லப்பட்டார். 1948 மார்ச்சில் அதே ஆசிரமத்தில் திருமணம் நடந்தது.

✦ 1972-இல் உலக நாத்திகர் மாநாடு கூடியது விஜயவாடாவில்தான். 2002-இல் கோராவின் நூற்றாண்டையொட்டி இந்திய அஞ்சல்துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

✦ லவணத்தின் மனைவி ஹேமலதா, தெலுங்குக் கவிஞர் குர்ரம் ஜாஷுவாவின் மகள். பிரிட்டிஷ் அரசு ‘குற்றப் பரம்பரை’ என்று முத்திரை குத்திய மக்கள் வாழ்ந்த ஸ்டூவர்ட்புரத்தில், 1970-களில் இருவரும் மறுவாழ்வுப் பணி செய்தார்கள்.

✦ சிறுமிகளைத் தெய்வத்துக்கு நேர்ந்துவிட்டு, ஊர் ஆண்களின் இச்சைக்கு ஆளாக்கியது ‘ஜோகினி’ வழக்கம். நிஜாமாபாத் பகுதியில் அதை எதிர்த்தும் லவணமும் ஹேமலதாவும் நின்றார்கள். 1988-இல் ஆந்திர அரசு அதைச் சட்டப்படி தடைசெய்தது. சாமி பெயரால் பறித்த வாழ்க்கையை மீட்டுத் தருவதே நாத்திகரின் முதல் கடமை என்று இந்தக் குடும்பம் வாழ்ந்து காட்டியது.