களைக்கருவிக்காக ஒரு வெட்டு மேசை

முப்பத்தி நாலு வருஷம் வங்கியில் குப்பை கொட்டியவன் நான். ஓய்வுக்குப் பிறகு மன்னார்குடிப் பக்கம் அப்பா விட்டுப்போன ஒன்பது மா நிலத்தில் இயற்கை வழியில் நெல் போடுகிறேன். கிச்சிலிச் சம்பாவும் கருப்புக்கவுனியும். களைக்கொல்லி அடிப்பதில்லை என்று முடிவெடுத்த அன்றே களை நமக்கு முழுநேரக் கடன்காரன் ஆகிவிடுகிறான். தவணை தவறினால் வட்டி குட்டி போடும்.

2021 சம்பாவில் அப்படித்தான் ஆனது. நட்ட பத்தாம் நாள் ஓட்ட வேண்டிய களைக்கருவியை இருபதாம் நாள் வரை ஓட்ட முடியவில்லை. கைக்களைக்கு ஆள் கிடைக்கவில்லை. மூணு மாவில் கோரையும் குதிரைவாலிப் புல்லும் நெல்லை அமுக்கிவிட்டன. அந்த மூணு மாவில் வைக்கோல்தான் மிச்சம்.

கடையில் கிடைக்கும் கோனோ வீடர் பெரும்பாலும் 25 செ.மீ. இடைவெளிக்குச் செய்தது. நான் கிச்சிலியை 30க்கு 30 நடுகிறேன். இரண்டு பக்கமும் ஒரு பட்டைக் களை அப்படியே நிற்கும். அதோடு எங்கள் களிமண் உருளைத் தகடுகளுக்கு நடுவில் அப்பிக்கொள்ளும். அப்புறம் அது உருளாது, சறுக்கும்.

நம் மண்ணுக்கு, நம் இடைவெளிக்கு ஒரு கருவி வேண்டும். உருளைக்கு ஆறு தகடு. மூன்று வழவழப்பாக, மூன்று பல்லுடன், மாற்றி மாற்றி. டவுனில் உள்ள ஒரு கட்டிங் கடையில் கேட்டேன். "நூறு பீஸா கொண்டாங்க சார்" என்றார்கள். ஊர்ப் பட்டறையில் கேஸ் கட்டிங்கில் வெட்டினால் பல் ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. அப்போதுதான் எங்கள் ஊர் வெல்டிங் தம்பி கேட்டார்: "நாமளே ஒரு சிஎன்சி பிளாஸ்மா டேபிள் கட்டினா என்ன சார்?"

அது என்ன மேசை?

பிளாஸ்மா என்றதும் பயப்பட வேண்டாம். சின்ன ஓட்டை வழியாக அழுத்தக் காற்று வேகமாக வருகிறது. அதற்குள் மின்வில் பாய்கிறது. காற்று பல ஆயிரம் டிகிரிக்குச் சூடாகி, இரும்பை உருக்கிக் கீழே ஊதித் தள்ளுகிறது. கேஸ் கட்டிங் சாதா இரும்புக்குத்தான் சரிப்படும். இது எவர்சில்வர், அலுமினியத்தையும் வெட்டும். மின்சாரம் கடத்தாத மரம், கல்லை வெட்டாது.

அந்த டார்ச்சைக் கையில் பிடிக்காமல் ஒரு பாலத்தில் மாட்டி, கணினி சொல்லும் கோட்டில் நகர்த்துவதுதான் சிஎன்சி. கணினியில் படம் வரைகிறோம். அது 'இங்கே போ, தீயை மூட்டு, இந்த வேகத்தில் அங்கே போ, அணை' என்ற வரிகளாக மாறுகிறது. அதற்கு ஜி-கோடு என்று பெயர். வங்கியில் வவுச்சர் மாதிரி. ஒவ்வொரு வரிக்கும் ஒரு வேலை.

கட்டிய விதம்

8க்கு 4 அடித் தகட்டில் பாதி படுக்கும்படி 4க்கு 4 அடி மேசை. 50 மி.மீ. சதுரக் குழாயில் சட்டம். மேலே 3 மி.மீ. பட்டையை நெட்டுக்குத்தாக வரிசையாகச் செருகினோம். வெட்டும் தகடு இந்தப் பட்டைகளின் மேல் உட்காரும். வெட்ட வெட்ட இவையும் அரிபடும். அதனால் வெல்டு வைக்காமல் கழற்றி மாட்டும்படி விடுங்கள். அடியில் தண்ணீர்த் தொட்டி. புகையையும் பொறியையும் அது வாங்கிக்கொள்ளும்.

பாலத்தின் இரண்டு காலுக்கும் ஒவ்வொரு மோட்டார், குறுக்கே ஒன்று, டார்ச்சை ஏற்றி இறக்க ஒன்று. மொத்தம் நாலு ஸ்டெப்பர் மோட்டார். பல்பட்டையில் பல்சக்கரம் உருளும். கணக்கு எளிது: மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 அடி எடுக்கும். டிரைவர் ஒவ்வொன்றையும் எட்டாகப் பிரிக்கும், 1600. நடுவில் பெல்ட் மூலம் மூன்றுக்கு ஒன்று குறைத்தோம், 4800. 20 பல் கொண்ட, 1 மாட்யூல் பல்சக்கரம் ஒரு சுற்றில் 62.83 மி.மீ. நகரும். 4800ஐ 62.83ஆல் வகுத்தால் ஒரு மில்லிமீட்டருக்கு 76.4 அடி. இந்த ஒரு எண்ணைத்தான் கட்டுப்பாட்டுப் பலகையில் பதிய வேண்டும். அர்டுயினோ பலகையும் இலவசமாகக் கிடைக்கும் ஜிஆர்பிஎல் நிரலும் எங்களுக்குப் போதுமாக இருந்தது.

நாங்கள் பட்ட பாடு

முதல் தப்பு வெல்டிங்கில். ஒரு பக்கத்தை முழுசாகப் பற்றவைத்துவிட்டு அடுத்த பக்கம் போனோம். சூட்டில் சட்டம் இழுத்துக்கொண்டது. மூலைக்கு மூலை அளந்தால் 6 மி.மீ. வித்தியாசம். சதுரம் வெட்டச் சொன்னால் சாய்சதுரம் வந்தது. கொத்தனார் மூலைமட்டம் பார்க்கும் 3-4-5 கணக்கு இங்கேயும் வேண்டும். எல்லா மூலையிலும் முதலில் புள்ளி வைத்து, மூலைக்கு மூலை அளந்து, எதிரெதிராக மாற்றி மாற்றிப் பற்றவையுங்கள்.

இரண்டாவது தப்பு என்னுடையது. விலை குறைவு என்று ஒரு பிளாஸ்மா மெஷின் வாங்கினேன். அது உயர் அதிர்வெண் பொறியில் தீ மூட்டும் வகை. டார்ச் எரியும்போதெல்லாம் கணினி ஸ்தம்பித்துப் போகும். ஒருமுறை பாலம் தறிகெட்டு ஓடி ஓரத்தில் முட்டியது. மூணு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, அதைக் கைவெட்டுக்காரர் ஒருவருக்கு நஷ்டத்தில் விற்றேன். சிஎன்சிக்கு வாங்கும்போது பைலட் ஆர்க் உள்ள, உயர் அதிர்வெண் இல்லாமல் மூட்டும் மெஷினா என்று கேட்டு வாங்குங்கள். கவசம் உள்ள கேபிள் போடுங்கள். மேசைக்குத் தனியாக எர்த் கம்பி அடியுங்கள்.

மூன்றாவது, காற்றில் ஈரம். ஐப்பசி மழையில் கம்ப்ரெசர் டாங்கில் தண்ணீர் கோத்துக்கொண்டது. டார்ச் முனை ஒரே நாளில் அரித்துப்போச்சு. ஈரம் பிரிக்கும் ஃபில்டர் வையுங்கள். தினமும் டாங்கின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வெளியே விடுங்கள்.

நான்காவது, உயரம். வெட்டும் சூட்டில் தகடு மேலே எழும்பும். எங்கள் டார்ச் முதலில் தகட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, 3.5 மி.மீ. மேலே நின்று துளைக்கும்; பிறகு 1.5க்கு இறங்கி வெட்டும். டார்ச் விலகினால் மின்வில்லின் வோல்டேஜ் கூடும், நெருங்கினால் குறையும். அதைப் பார்த்தே ஏற்றி இறக்கும் ஒரு கருவி இருக்கிறது. முதலில் 'பிறகு பார்க்கலாம்' என்று விட்டோம். முனைகள் தகட்டில் இடித்து வீணானதும் வாங்கினோம்.

வெட்டும்போது

3 மி.மீ. தகட்டுக்கு எங்கள் மெஷினில் 40 ஆம்பியர், நிமிஷத்துக்கு இரண்டரை மீட்டர் வேகம் சரியாக வருகிறது. மெதுவாகப் போனால் அடியில் கசடு ஒட்டும். வேகமாகப் போனால் வெட்டு அடிவரை இறங்காது. வெட்டுக்கோடே சுமார் 1.5 மி.மீ. அகலம், அதில் பாதியை மென்பொருளில் ஒதுக்காவிட்டால் அளவு தப்பும். உள் ஓட்டைகளை முதலில், வெளி விளிம்பைக் கடைசியில் வெட்டுங்கள். துளைக்கிற இடம் கோட்டுக்கு வெளியே, கழிவுப் பக்கம் இருக்கட்டும். தகட்டின் கனத்தைவிடச் சின்ன ஓட்டை வேண்டுமானால் புள்ளி மட்டும் வைத்து டிரில் போடுங்கள்.

ஆசாரியும் நூலும்

எங்கள் ஊர்க் கொல்லாசாரிக்கு எழுபது வயசு. மேசையைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் பட்டறைப் பக்கமே வரவில்லை. தன் பிழைப்புக்கு வந்த எமன் என்று நினைத்திருக்கிறார்.

உருளையின் கூம்புத் தகட்டை விரித்து வரைய வேண்டியிருந்தது. கூம்பை விரித்தால் விசிறி மாதிரி வரும். கணினியில் அரைநாள் போராடி, வெட்டி வளைத்தால் வாய் சேரவில்லை. ஆசாரியைக் கூப்பிட்டு வந்தேன். தரையில் ஆணி அடித்து, நூலைக் கட்டி, இரண்டு வளைவு இழுத்தார். வெளி வளைவின் மேல் நூலை ஒட்டவைத்துச் சுற்றளவை அளந்து வெட்டுக்கோடு போட்டார். நான் சாய்வு உயரத்துக்குப் பதிலாக நெட்டுக்குத்து உயரத்தைப் போட்டிருந்தேன். அவர் அளவைக் கணினியில் ஏற்றியதும் வாய் முடிபோடப் பொருந்திவிட்டது.

"வெட்டுறத அது வெட்டட்டும் சார். அடிக்கிறத நான் அடிக்கிறேன்" என்றார். அதுதான் நடக்கிறது. பிளாஸ்மா வெட்டிய விளிம்பு கெட்டிப்பட்டிருக்கும். தேய்க்காமல் வெல்டு வைத்தால் உள்ளே பொத்தல் விழும். விளிம்பைத் தேய்ப்பது, கைப்பிடிக்கு வளைவு கொடுப்பது, பல்லுக்குப் பதம் ஏற்றுவது எல்லாம் அவர் வேலை. முன்பைவிட இப்போது அவருக்கு வேலை அதிகம்.

முதல் கருவியை வயலில் இறக்கியபோது, களைக்கு வரும் பெண்களில் மூத்தவர் நாலு முறை தள்ளிப் பார்த்தார். "இது யாரு தள்ளுறதுக்குச் செஞ்சது சார்? ஆறடி ஆம்பளைக்கா?" என்றார். கைப்பிடி அவர் நெஞ்சுக்கு மேலே நின்றது. இரண்டாவதில் கைப்பிடியைத் தாழ்த்தினோம். அது எடை கூடிப்போச்சு. மூன்றாவதில் பக்கத் தகடுகளில் ஓட்டை போட்டு எடை குறைத்து, உருளைத் தகடுகளின் இடைவெளியைக் கூட்டினோம். களி அப்பவில்லை. அவரே ஒரு மாவை ஓட்டி முடித்துவிட்டு, "இது தேவலாம்" என்றார்.

பாதுகாப்பு: விட்டுவிடாதீர்கள்

கூலிங் கிளாஸ் போதாது; வெல்டிங் கண்ணாடிதான். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு, பழைய கூரைத் தகடு வெட்டாதீர்கள். அந்தப் புகைக்கு ராத்திரி குளிர்காய்ச்சல் வரும். தண்ணீர்த் தொட்டியின் மேல் அலுமினியம் வெட்ட வேண்டாம். அதன் கசடு தண்ணீரோடு சேர்ந்து ஹைட்ரஜன் வாயு கிளம்பி வெடிக்கும் ஆபத்து உண்டு.

நாம் இயற்கை விவசாயிகள். தொட்டித் தண்ணீரை வாய்க்காலில் திறந்துவிடக் கூடாது. அதில் இரும்புத்தூளும் உலோகக் கசடும் இருக்கும். துருப்பிடிக்காமல் இருக்க அதில் ரசாயனம் கலக்கச் சொல்வார்கள், நாங்கள் கலப்பதில்லை. தெளிந்த நீரையே திரும்பப் பயன்படுத்துகிறோம். வண்டலைக் காயவைத்துப் பழைய இரும்பு வாங்குகிறவரிடம் போடுகிறோம்.

இலவச விவசாய மின் இணைப்பில் இதை ஓட்டாதீர்கள். கம்ப்ரெசரும் சேர்ந்து இழுப்பதால் தனி மும்முனை இணைப்பு வாங்கிவிடுங்கள்.

கணக்கு

சட்டம், தகடு 38,000. வழித்தண்டு, பல்பட்டை 42,000. மோட்டார், டிரைவர், பலகை, உயரக் கருவி 36,000. பிளாஸ்மா மெஷின் 58,000. கம்ப்ரெசர், ஃபில்டர் 27,000. சில்லறை 14,000. மொத்தம் 2,15,000 ரூபாய். முதல் மெஷினில் விட்ட நஷ்டம் இதில் இல்லை. அது என் படிப்புச் செலவு.

ஒன்பது மா விவசாயி ஒருத்தர் இதற்குக் கடன் கேட்டு வந்திருந்தால், மேலாளர் நாற்காலியில் இருந்த நான் நிச்சயம் கொடுத்திருக்க மாட்டேன். அது சரியான முடிவுதான். தனி ஆளுக்கு இந்த மேசை கட்டுப்படியாகாது. அதனால் நாலு விவசாயிகளும் வெல்டிங் தம்பியும் ஆளுக்கு 43,000 போட்டோம். மேசை அவர் பட்டறையில் இருக்கிறது. பங்காளிகள் தகடும் டார்ச் முனைச் செலவும் கொடுத்தால் போதும். வெளி வேலைக்கு வரும் கூலியில் தம்பிக்குப் பாதி, மேசையின் பராமரிப்புக்குப் பாதி. நோட்டுப் புத்தகம் என்னிடம்.

உங்களுக்கு வருஷத்துக்குப் பத்துத் தகடு வெட்டும் வேலைதான் என்றால் மேசை கட்ட வேண்டாம். நாலு ஊர்க்காரர்களாகச் சேர்ந்து நூறு பீஸாக டவுனில் கொடுத்து வாங்குங்கள். ஆனால் உங்கள் மண்ணுக்கு ஏற்றபடி மாற்றி மாற்றிச் செய்து பார்க்க வேண்டும் என்றால், மேசை பக்கத்தில் இருக்க வேண்டும். மூன்றாவது கருவிதான் எங்களுக்குச் சரியாக வந்தது. டவுனில் கொடுத்திருந்தால் முதல் கருவியிலேயே நூறு செய்து அடுக்கியிருப்போம்.

போன சம்பாவில் பதினோராம் நாள் களைக்கருவி வயலில் இறங்கிவிட்டது. அந்த மூணு மாவில் இந்த முறை வைக்கோலோடு நெல்லும் வீட்டுக்கு வந்தது. 20, 25, 30 செ.மீ. மூன்று இடைவெளிக்கும் வரைபடம் வைத்திருக்கிறோம். கேட்டு வருகிற உழவர்களுக்குக் காசில்லாமல் கொடுக்கிறோம். வரும்போது உங்கள் வயலின் வரிசை இடைவெளியையும், கருவியைத் தள்ளப்போகிறவரின் உயரத்தையும் அளந்துகொண்டு வாருங்கள்.